சிவப்புத் தொப்பியும் இரும்புத் தொப்பியும்



ஒரு பிழைதிருத்தத்தோடு தொடங்குகிறேன். நான் வகுப்பெடுத்த காலத்தில், முதல் உலகப் போர் பாடம் வரும்போதெல்லாம் ஒரு கதை சொல்வேன். அமெரிக்காவில் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவர் போருக்குப் போனார். ஓர் இரவில் தனியாளாக நின்று ஒரு ஜெர்மன் படைக்குழுவையே விரட்டினார். ஊர் திரும்பியதும் நாடு அவரைக் கைகழுவியது. பென்ஷன் இல்லை, வேலை இல்லை. குடித்துக் குடித்தே செத்தார், அநாதைப் பிணமாகப் புதைத்தார்கள். கடைசி பெஞ்சு வரை சத்தமே இருக்காது. மணி அடித்த பிறகும் இரண்டு பேர் வந்து, "அப்புறம் சார்?" என்று கேட்பார்கள்.

அந்தக் கதையின் பின்பாதியில் பாதி தவறு. பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு அது தெரிந்தது. அதற்குள் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன் என்று கணக்கே கிடையாது. அவர் பெயர் ஹென்றி ஜான்சன். தவறு எந்த வழியாக நுழைந்தது, நாங்கள் எல்லோரும் ஏன் அதை அவ்வளவு எளிதாக நம்பினோம் என்பதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். இடையில் இன்னொருவரும் வருவார். வில்லர்ட் டவுன்சென்ட். அவரும் அதே போரில் நின்றவர். அவரும் நிலையத்தில் பெட்டி தூக்கியவர். அவரை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

அமெரிக்க ரயில் நிலையங்களில் சுமை தூக்குபவர்களுக்கு 'ரெட் கேப்' என்று பெயர். தலையில் சிவப்புத் தொப்பி. அதனால் வந்த பெயர். நம் ஊரில் சிவப்புச் சட்டை, அங்கே சிவப்புத் தொப்பி. கூட்டத்தில் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். சின்ன வயதில் மதுரை சந்திப்பில் இறங்கும்போது, டிரங்குப் பெட்டியைப் போர்ட்டரின் தலைச் சும்மாட்டில் ஏற்றிவிட்டு, "அந்த வில்லை நம்பரைப் பார்த்து வச்சுக்கடா" என்பார் என் அம்மா. பித்தளை வில்லை, கையில் கட்டியிருப்பார். பெட்டியோடு கூட்டத்தில் மறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அமெரிக்காவில் பயணிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தூங்கும் வசதிப் பெட்டிகளை ஓட்டிய முதலாளி ஜார்ஜ் புல்மேன். அவருடைய ஊழியர்கள் என்பதால், பெட்டியில் பணியாற்றிய கறுப்பினத்தவர் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பழக்கம் பிளாட்பாரத்துக்கும் இறங்கியது.

ஏன் கறுப்பினத்தவர்? எஞ்சின் டிரைவர், கண்டக்டர் தொழிற்சங்கங்கள் அவர்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. தண்டவாளம் பழுதுபார்ப்பது, பெட்டியில் பரிமாறுவது, படுக்கை விரிப்பது, நிலையத்தில் சுமப்பது, தெற்கே கரி அள்ளிப் போடுவது. இவைதான் திறந்திருந்த கதவுகள். மற்ற கதவுகள் மூடியிருந்ததால், சட்டமும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள்கூட நியூயார்க் நிலையத்தில் சிவப்புத் தொப்பி போட்டார்கள். சம்பளம் என்று பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. பயணி கொடுக்கும் டிப்ஸ்தான். நம் போர்ட்டர்களும் அப்படித்தான், உரிமம் உண்டு, சம்பளம் இல்லை. 2008 ரயில்வே பட்ஜெட்டில் அவர்களைக் கேங்மேன்களாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தபோது எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்பது ரயில்வேயில் உழைத்து ஓய்வுபெற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஜான்சன் வடக்குக் கரோலினா மாநிலத்து வின்ஸ்டன்-சேலத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1892 என்று பொதுவாகச் சொல்கிறார்கள்; அவரே வெவ்வேறு தாளில் வெவ்வேறு தேதி எழுதியிருக்கிறார். பதின்ம வயதில் வடக்கே நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்கு வந்தார். கார் ஓட்டினார், சோடா கலந்து கொடுத்தார், கரிக் கிடங்கில் வேலை பார்த்தார், கடைசியில் ஆல்பனி யூனியன் ஸ்டேஷனில் ரெட் கேப் ஆனார். 1900-ல் திறக்கப்பட்ட பெரிய கல் கட்டடம் அது. ஆள் உயரம் ஐந்தடி நாலங்குலம், எடை 130 பவுண்டு. நம் கணக்கில் 59 கிலோ. நல்ல நிறைந்த டிரங்குப் பெட்டி ஒன்று அவர் எடையில் பாதி இருந்திருக்கும்.

1917 ஜூன் 5-ம் தேதி படையில் சேர்ந்தார். நியூயார்க் தேசியக் காவல்படையின் 15-வது ரெஜிமென்ட். ஹார்லெம் பகுதிக் கறுப்பினத்தவரைத் திரட்டி, வில்லியம் ஹேவர்ட் என்ற வெள்ளைக்காரக் கர்னல் தலைமையில் அமைத்த படை. பிற்பாடு இதற்கு 369-வது காலாட்படை என்று பெயர் மாறியது. தெற்குக் கரோலினாவில் ஸ்பார்டன்பர்க் என்ற ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கறுப்பினச் சிப்பாய் கடையில் செய்தித்தாள் வாங்கப் போனாலே அடிதடி வரும் ஊர். சில வாரங்களிலேயே அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். கப்பல் ஏறினால் கப்பலுக்கும் கோளாறு. மூன்றாவது முயற்சியில்தான் 'போகஹான்டாஸ்' அவர்களை அட்லாண்டிக் தாண்டி விட்டது.

1918 புத்தாண்டையொட்டி பிரான்ஸில் இறங்கியதும் என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? சாந் நசேர் துறைமுகத்தில் சரக்கு இறக்குவது, தண்டவாளம் போடுவது. ஆல்பனி பிளாட்பாரத்தை விட்டுத் துப்பாக்கி பிடிக்க வந்தவரை இங்கேயும் ரயில் வேலைக்கே அனுப்பினார்கள். அமெரிக்கத் தளபதி பெர்ஷிங்குக்குக் கறுப்பினப் படைகளை வெள்ளையர் படைகளோடு சேர்த்துப் போர்முனையில் நிறுத்தும் எண்ணம் இல்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கோ நான்கு ஆண்டுப் போரில் ஆள் வற்றிப்போயிருந்தது. யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருடைய சிக்கலும் ஒரே கையெழுத்தில் தீர்ந்தது. 369, 370, 371, 372 என்ற நான்கு கறுப்பினக் காலாட்படைகளும் பிரெஞ்சு ராணுவத்துக்குக் கைமாறின. உடுப்பு அமெரிக்காவுடையது, துப்பாக்கியும் தலைக்கவசமும் பிரெஞ்சுக்காரர்களுடையவை. நடுவில் சிறு முகடு ஓடும் அந்த இரும்புத் தொப்பியைத்தான் தலைப்பில் வைத்தேன். டவுன்சென்ட் 372-வது படையில் இருந்தார். ஜான்சனும் அவரும் சந்தித்திருப்பார்களா என்பதைக் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்; ஆனால் தொப்பி ஒன்றுதான்.

1918 மே 15. ஆர்கோன் காட்டின் மேற்கு ஓரம். நள்ளிரவு தாண்டி, விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஜான்சனும் நீடம் ராபர்ட்ஸ் என்ற நியூ ஜெர்சிப் பையனும் முன்னணிக் காவல்சாவடியில் இருக்கிறார்கள். முள்கம்பியைக் கத்தரிக்கும் 'கிளிக், கிளிக்' ஓசை கேட்கிறது. பிளாட்பாரத்தில் பழகிய காது அது என்று எழுத எனக்கும் ஆசைதான், அதெல்லாம் கதை. யாருக்கும் கேட்டிருக்கும். ஜான்சன் ராபர்ட்ஸைப் பின்னால் ஓடிப்போய்ச் செய்தி சொல்லச் சொல்கிறார். கைக்குண்டுகள் விழத் தொடங்கியதும் ராபர்ட்ஸ் திரும்பி வந்து, காயம்பட்டு எழ முடியாமல் விழுகிறார்; படுத்தபடியே கைக்குண்டுகளை எடுத்து எடுத்துக் கொடுக்கிறார், ஜான்சன் வீசுகிறார். குண்டு தீர்ந்தது. துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டார். அடுத்த தோட்டாத் தொகுதியைச் செருகினார், துப்பாக்கி சிக்கிக்கொண்டது. செருகியது அமெரிக்கத் தோட்டா; கையில் இருந்தது பிரெஞ்சுத் துப்பாக்கி. கைமாறிய படையின் முழுக் கதையும் எனக்கு அந்த ஒரு சிக்கலில் தெரிகிறது.

துப்பாக்கியின் கட்டையால் அடித்தார். அது உடைந்தது. அதற்குள் இரண்டு ஜெர்மானியர் ராபர்ட்ஸைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். கைதி பிடிப்பதுதான் அந்த இரவுத் தாக்குதலின் நோக்கம். ஜான்சன் இடுப்பிலிருந்து போலோ கத்தியை உருவினார். பிலிப்பைன்ஸ் வயல்காட்டு வெட்டுக்கத்தி அது. அங்கே நடந்த போரில் அமெரிக்க ராணுவம் கற்றுக்கொண்டு வந்த ஆயுதம். நம் வீச்சரிவாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து வெட்டி ராபர்ட்ஸை மீட்டார். உதவிப்படை வந்து சேர்ந்தபோது ஜெர்மானியர் போய்விட்டிருந்தார்கள். ஜான்சன் உடம்பில் 21 காயம். இடது பாதத்தின் எலும்புகள் நொறுங்கியிருந்தன.

வந்தவர்கள் எத்தனை பேர்? பன்னிரண்டு என்கிறது ஒரு குறிப்பு. இருபத்துநான்கு என்கிறது இன்னொன்று. அதற்கு மேலும் ஏற்றிச் சொன்னவர்கள் உண்டு. காலை வெளிச்சத்தில் மேஜர் ஆர்தர் லிட்டில் இடத்தைச் சுற்றிவந்து, ஜெர்மானியர் விட்டுப்போன கைக்குண்டுகள், கம்பி கத்தரிகள், ரத்தத் தடம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தார். லிட்டில் ஊரில் அச்சு, பதிப்புத் தொழிலில் இருந்தவர். அந்த நேரம் பார்த்து அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் அவர் முகாமுக்கு வந்திருந்தார்கள். அவர்களையும் அழைத்துப்போய்க் காட்டினார். நியூயார்க் 'வேர்ல்ட்' பத்திரிகை இதை 'ஹென்றி ஜான்சனின் போர்' என்று பெயரிட்டே வெளியிட்டது. இர்வின் காப் என்ற கென்டக்கிக்காரர், அதுவரை கறுப்பினத்தவரை நகைச்சுவைப் பாத்திரமாக வைத்து எழுதிச் சம்பாதித்தவர், 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்'டில் புகழ்ந்து எழுதினார். புகழ்ச்சியிலும் கறுப்பினத்தவரைக் குறிக்கும் அந்த இழிசொல்லை விடவில்லை. விடாமலேயே புகழ முடிந்தது அவரால்.

பிரான்ஸ் இருவருக்கும் 'க்ருவா த கேர்' என்ற போர்ச் சிலுவையை அளித்தது. அமெரிக்கச் சிப்பாய்களில் அதை முதலில் பெற்றவர்கள் வரிசையில் அவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா அன்று எதுவும் அளிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், கறுப்பினச் சிப்பாய்களோடு ரொம்பவும் சரிசமமாகப் பழக வேண்டாம், அதிகம் பாராட்ட வேண்டாம் என்று பிரெஞ்சு அதிகாரிகளுக்கு ஒரு ரகசியச் சுற்றறிக்கை போனது. அமெரிக்கப் படையோடு இணைந்திருந்த பிரெஞ்சுத் தூதுக்குழு தயாரித்தது அது. 1919 மே மாதம் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் தன் 'கிரைசிஸ்' இதழில் அதை வெளியிட்டு ஊரறியச் செய்தார்.

1919 பிப்ரவரி 17. நியூயார்க் ஐந்தாம் நிழற்சாலையில் 369-வது படை அணிவகுத்தது. 191 நாள் போர்முனையில் நின்றுவிட்டு வந்தவர்கள். முன்னால் ஜேம்ஸ் ரீஸ் யூரப்பின் வாத்தியக் குழு; அவர்களுடைய இசையால்தான் பிரெஞ்சு ஊர்கள் ஜாஸ் என்ற ஒன்றைக் கேட்டன என்பார்கள். ஜான்சனால் நடக்க முடியவில்லை. திறந்த காரில் கொண்டுபோனார்கள். எழுந்து நின்றுகொண்டார். கையில் சிவப்பு லில்லிக் கொத்து. மக்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அன்றைக்கு யாரும் ஜார்ஜ் என்று கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அரசு அவரை ஒரு வேலைக்குப் பயன்படுத்தியது. தபால்தலை போல ஒட்டும் போர்ச் சேமிப்பு வில்லைகளின் விற்பனை. ஆங்கிலத்தில் ஒருவரை அடித்து நொறுக்குவதற்கும் தபால்தலையை நாக்கால் நனைப்பதற்கும் ஒரே சொல். ஜான்சன் பன்னிரண்டு ஜெர்மானியருக்கு அதைச் செய்தார், நீங்கள் எத்தனை வில்லைக்குச் செய்தீர்கள் என்று விளம்பரம் கேட்டது. நல்ல விளம்பரம்தான். தமிழில் வராது என்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. முதலாவது, விடுவிப்புச் சான்று. 21 காயத்தோடு வந்தவருடைய சான்றில் ஊனம் பற்றிய குறிப்பு இல்லை. எழுதியவர் சோம்பேறியா, வன்மம் பிடித்தவரா என்பது எனக்கு முக்கியமில்லை. வெற்றுக் கட்டம் வெற்றுக் கட்டம்தான். இரண்டாவது, செயின்ட் லூயிஸ் மேடை. சொற்பொழிவாற்றக் காசு கொடுத்து ஊர் ஊராக அழைத்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கச் சிரிக்க வீரக்கதை சொல்வார் என்று எதிர்பார்த்த கூட்டத்தில், வெள்ளைச் சிப்பாய்கள் கறுப்பினத்தவரோடு ஒரே பதுங்குகுழியில் நிற்க மறுத்ததைப் போட்டு உடைத்தார். மறுநாள் பத்திரிகைகள் கொதித்தன. அனுமதித்த காலத்துக்குப் பிறகும் ராணுவ உடுப்பை அணிந்தார் என்று சொல்லிக் கைது வாரண்டு பிறந்தது. மேடைகள் மூடிக்கொண்டன. சில மாதத்தில் சிகாகோவிலும் வாஷிங்டனிலும் கறுப்பினத்தவர் வேட்டையாடப்பட்ட கோடை வந்தது. பலியானவர்களில் படையிலிருந்து திரும்பியவர்களும் உண்டு.

ஆல்பனிக்குத் திரும்பினார். அதே யூனியன் ஸ்டேஷன், அதே சிவப்புத் தொப்பி. இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். போர்ட்டர் வேலை தோளாலோ தலையாலோ செய்கிற வேலை என்று நாம் நினைக்கிறோம். இந்த உரைக்காக எங்கள் ஊர் நிலையத்தில் முப்பது ஆண்டு சுமந்த ஒரு பெரியவரிடம் பேசினேன். "எல்லாம் பாதம்தான் சார்" என்றார். ரயில் நிற்பதற்கு முன்பே பெட்டியோடு கூடவே ஓட வேண்டும். ஏறும்போது முன்பாதத்தில் முழுப் பாரமும் இறங்கும். படிக்கட்டில் இறங்கும்போது குதிகாலில். சுமை தலையில் இருக்கும், வலி காலில் இருக்கும் என்றார். ஜான்சனின் இடது பாதத்தில் மருத்துவர்கள் உலோகத் தகடு வைத்திருந்தார்கள். வேலை நிலைக்கவில்லை. டிப்ஸ் வேலையில் பணிநீக்கம் என்று ஒன்று கிடையாது. அடுத்தவர் உங்களுக்கு முன்னால் ஓடிவிடுகிறார், அவ்வளவுதான். மணவாழ்க்கையும் முறிந்தது. 1920-களின் நடுவில் ஆல்பனியின் கண்ணிலிருந்தே மறைந்துபோனார்.

மறைந்த மனிதரைச் சுற்றித்தான் கதை வளரும்.

இப்போது டவுன்சென்ட். 1895-ல் சின்சினாட்டியில் பிறந்தவர். போருக்கு முன்பே அந்த ஊர் நிலையத்தில் கொஞ்ச காலம் சிவப்புத் தொப்பி. பிரான்ஸில் 372-வது படை. திரும்பி வந்ததும் கனடா ரயிலில் உணவுப் பெட்டியில் பரிமாறினார். அந்தக் காசில் டொரான்டோவில் வேதியியல் படித்தார். டெக்சாஸில் கொஞ்சம் ஆசிரியப் பணி. பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. படித்த படிப்பு ஒரு பக்கம் இருக்க, சிகாகோ நிலையத்தில் மறுபடியும் சிவப்புத் தொப்பி. இந்தத் தடவை அவர் ஒரு கேள்வி கேட்டார்: நாங்கள் யாருடைய வேலையாட்கள்?

எளிய கேள்வி போலத் தெரியும். தொப்பி கொடுத்தது ரயில்வே. எண் கொடுத்தது ரயில்வே. எங்கே நிற்க வேண்டும், எப்போது வர வேண்டும் என்று சொன்னது ரயில்வே. ஓய்ந்த நேரத்தில் நிலையத்தைப் பெருக்கச் சொன்னதும் அதுவே. சம்பளம் கேட்டால் மட்டும், பயணியிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. 1936-ல் சிகாகோ நிலையங்களின் ஆட்களைத் திரட்டினார். 1937-ல் ரெட் கேப்களுக்கென நாடு தழுவிய சங்கம், அவரே தலைவர். 1938-ல் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தக ஆணையம், இவர்கள் ரயில்வே ஊழியர்களே என்று தீர்ப்புச் சொன்னது.

வென்றாயிற்று என்று நினைப்பீர்கள். அதே ஆண்டு நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட். ரயில்வே நிறுவனங்கள் என்ன செய்தன? ஒவ்வொருவரும் அன்றன்று வாங்கிய டிப்ஸை எழுதிக் கொடுங்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைந்தால் மீதியை மட்டும் நாங்கள் தருகிறோம் என்றன. பயணி அன்பாகக் கொடுத்த காசு, கம்பெனி தர வேண்டிய கூலியாக மாறிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1942-ல், ஜாக்சன்வில் நிலைய வழக்கில், கம்பெனி செய்தது சரி என்று தீர்ப்பு. சில நிலையங்களில் பெட்டிக்குப் பத்து சென்ட் என்று கட்டணமும் வைத்தார்கள். அதுவே கூலி என்று எண்ணிய பயணிகள் டிப்ஸ் கொடுப்பதை நிறுத்தினார்கள் என்று சங்கம் புகார் சொன்னது. டவுன்சென்ட் விடவில்லை. சங்கத்தை விரித்தார், ஒப்பந்தங்கள் போட்டார், அதே 1942-ல் சிஐஓ தொழிற்சங்கக் கூட்டமைப்பின் செயற்குழுவில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1955-ல் ஏஎஃப்எல் என்ற மற்றொரு கூட்டமைப்பும் சிஐஓவும் ஒன்றானபோது, புல்மேன் ஊழியர் சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃபும் இவரும் துணைத்தலைவர்கள். 1957-ல் காலமானார்.

இவருக்குச் சிலை இல்லை என்று அங்கலாய்க்க வரவில்லை. இரவுநேரக் கத்திச் சண்டையை ஐந்து நிமிடத்தில் சொல்லி வகுப்பை உறைய வைக்கலாம். டிப்ஸ் கணக்குத் தாளைச் சொல்லி உறைய வைக்க முடியாது. என் வகுப்பில் நான் டவுன்சென்ட் பெயரையே சொன்னதில்லை. அவரை எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

ஜான்சனுக்குத் திரும்புவோம். 1929 ஜூலையில் இறந்தார், வாஷிங்டனில், இதய நோயால். ஆல்பனியில் பலருக்கு அது தெரியவே தெரியாது. ஊரின் அநாதைப் புதைகாட்டில் எங்கோ கிடக்கிறார் என்று நம்பிவந்தார்கள். 1970-களிலிருந்து அங்கே சிலர், முக்கியமாக வியட்நாமிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய், அவருக்குப் பதக்கம் வேண்டும் என்று மனு மேல் மனுவாக எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்த மிகக் கூர்மையான வாதம் அந்தப் பரிதாபக் கதைதான். பென்ஷன் கிடைக்காமல் செத்தவர். அடையாளமில்லாக் குழியில் கிடப்பவர். 1991-ல் ஆல்பனி பூங்காவில் நினைவுச்சின்னம் வைத்து, ஒரு சாலைக்கும் அவர் பெயரிட்டார்கள். 1996-ல், போரில் காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வந்தது.

பிறகு கோப்புகளைத் தேடப் போனவர்கள் கண்ட சேதி: அவர் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில், ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1929 ஜூலையிலிருந்தே. பதிவேட்டில் வில்லியம் ஹென்றி ஜான்சன் என்று பெயர் இருந்தது. 2002-ன் தொடக்கத்தில் நியூயார்க் மாநில ஆளுநரே இதை அறிவித்தார். முன்னாள் படைவீரர் அலுவலகத்தின் கோப்புகளிலும் இன்னொரு செய்தி கிடந்தது. காசநோய் காரணமாக நிரந்தர, முழு ஊனம் என்று 1927-ல் அவரை வகைப்படுத்தியிருக்கிறார்கள். மாதாமாதம் உதவித்தொகை போயிருக்கிறது. எட்டு ஆண்டு தாமதம், காயத்துக்காக இல்லாமல் நோய்க்காக, ஆனாலும் போயிருக்கிறது.

எனக்கு இதைப் படித்தபோது முதலில் வந்தது ஏமாற்றம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவருக்குப் பென்ஷன் கிடைத்தது என்ற செய்தியில் எனக்கு என்ன ஏமாற்றம்? என் கதை பழுதாகிவிட்டதே என்ற ஏமாற்றம். அவருடைய கடைசி இரண்டு ஆண்டில் கையில் கொஞ்சம் காசு இருந்தது, படுக்கையருகே வந்து பார்க்க ஒரு அதிகாரி இருந்தார் என்பதைவிட, என் வகுப்பு உறைந்து உட்கார்வது எனக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. கல்லறைப் பதிவேடு பூட்டி வைத்த ரகசியமும் இல்லை. எழுபது ஆண்டு யாரும் போய்ப் புரட்டவில்லை. கைவிடப்பட்டவர் என்ற கதை அவ்வளவு நிறைவாக இருந்ததால் தேட வேண்டிய தேவையே எழவில்லை.

வாரிசு விஷயமும் இப்படித்தான் ஆயிற்று. அவரைத் தன் தந்தை என்று நம்பிய ஒருவர், தானும் இரண்டாம் உலகப் போரில் கறுப்பின விமானப்படைப் பிரிவில் இருந்தவர், அமெரிக்காவின் மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் ஜான்சனுக்குக் கிடைக்கப் பல காலம் போராடினார். 2002-ல் கிடைத்த இரண்டாம் நிலைப் பதக்கமான சிறப்புப் பணிச் சிலுவை அவர் கைக்கே போனது. கடைசியில் ராணுவம் வம்சாவளி ஆராய்ந்து, ரத்த உறவு இல்லை என்றது. அந்தக் குடும்பத்தின் உழைப்பு இல்லாமல் ஆராய்ச்சியே நடந்திருக்காது.

சட்டப்படி அந்த உயர் பதக்கத்துக்குக் கால வரம்பு உண்டு. உறுதியான சான்றும் வேண்டும். 2011-ல் செனட்டர் சக் ஷூமரின் அலுவலகத்தினர் இணையத்தில் தேடி ஒரு தாளைப் பிடித்தார்கள். அந்தச் சண்டை நடந்த சில நாளில், 1918 மே மாதமே, பெர்ஷிங் ஜான்சனையும் ராபர்ட்ஸையும் பாராட்டி அனுப்பிய அறிக்கை. கறுப்பினப் படையை வேண்டாம் என்று கைமாற்றிவிட்ட அதே பெர்ஷிங். நாடாளுமன்றம் கால வரம்பைத் தளர்த்தியது. 2015 ஜூன் 2-ம் தேதி வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா மெடல் ஆஃப் ஆனர் வழங்கினார். சண்டை நடந்து 97 ஆண்டு. முதல் உலகப் போரில் நின்ற கறுப்பினத்தவருக்கு இந்தப் பதக்கம் அது இரண்டாவது. முதலாவது 1991-ல் ஃப்ரெடி ஸ்டவர்ஸுக்கு. அவர் 371-வது படை. ஜான்சனின் பதக்கத்தை வாங்கிக்கொள்ள ரத்த உறவினர் யாரும் இல்லாததால், நியூயார்க் தேசியக் காவல்படையின் மூத்த சார்ஜென்ட் ஒருவர் பெற்றுக்கொண்டார். நன்றி சொல்லக் காலம் கடந்துவிடவில்லை என்ற பொருளில் ஒபாமா பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

2023-ல் லூசியானா மாநிலத்து ராணுவ முகாம் ஃபோர்ட் போல்க், ஃபோர்ட் ஜான்சன் ஆயிற்று. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி லியோனிடாஸ் போல்க்கின் பெயரை எடுத்துவிட்டு, 59 கிலோ போர்ட்டரின் பெயரை வைத்தார்கள். 2025-ல் மறுபடி ஃபோர்ட் போல்க். இந்த முறை வேறொரு போல்க்காம், இரண்டாம் உலகப் போரின் ஜேம்ஸ் போல்க். வாயிலில் பலகை எழுதுபவருக்கு இரண்டு ஆண்டில் இரண்டு வேலை.

ஆல்பனி யூனியன் ஸ்டேஷனுக்கு 1968-க்குப் பிறகு ரயில் வருவதில்லை. ரயில் ஹட்சன் ஆற்றின் அக்கரையிலேயே நின்றுவிடுகிறது. கட்டடத்தைப் புதுப்பித்து வங்கி அலுவலகம் ஆக்கினார்கள். ஜான்சனைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆல்பனிக்குப் போக வேண்டியதில்லை. ஆர்லிங்டனில் வாசலிலேயே வழி சொல்வார்கள். என் அம்மா சொன்னதுபோல நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பகுதி 25, கல்லறை எண் 64.